காவல் நிலையத்தின் வாயிற்படி

காவல் நிலையத்தின் வாயிற்படி ஏறுவது குடும்பத்துக்கு இழுக்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அதிலும் ஒரு பெண்பிள்ளை ஏறிவிட்டால் ஊர்வாயை மூட இயலாது. இவ்வெண்ணம் மாற வேண்டும் என்பதே எமது கருத்து. அதன் பொருட்டு, மறைந்த ஒரு பெண்மணியின் வாழ்வை அன்பு மாணவியர் முன் வைக்கிறோம்.

அவர்தாம் காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யா. இந்தியாவில் ஒரு மாநிலத்தின் காவல் துறைத் தலைமை இயக்குநராக உயர்ந்த முதல் பெண்மணி. சொத்துத் தகராறு ஒன்றில் அவருடைய தந்தை தாக்கப்பட்டபோது, வழக்குப் பதியக் காவலர் முன்வரவில்லை. அந்த அநீதியே தம்மை இத்துறைக்கு ஈர்த்தது என்று அவர் கூறியதுண்டு. கதவை அடைத்த துறையைத் தூற்றிவிட்டு அவர் ஒதுங்கிவிடவில்லை; அக்கதவைத் திறக்கும் இடத்திற்கே சென்று அமர்ந்தார். அவருடைய பெருமை இதில்தான் அடங்கியிருக்கிறது.

1973-ல் இந்தியக் காவல் பணியில் சேர்ந்தார். அவருக்கு முன் அப்பணியில் சேர்ந்திருந்த பெண் கிரண் பேடி ஒருவரே. உத்தரப் பிரதேசத்தில் பல பொறுப்புகளை வகித்தார். மத்தியப் புலனாய்வுத் துறையில் இருந்தபோது, 1988-ல் நிகழ்ந்த இறகுப்பந்து வீரர் சையத் மோடி கொலை வழக்கிலும் பணியாற்றினார். 2004-ல், இன்று உத்தராகண்ட் எனப்படும் மாநிலத்தின் காவல் துறைத் தலைவரானார். 2007-ல் ஓய்வு பெற்றார். அவர் வாழ்வைத் தழுவி, தங்கை கவிதா சௌத்ரி எழுதி இயக்கி நடித்த ‘உடான்’ தொடர் 1989-ல் தூர்தர்ஷனில் வெளிவந்தது. 2019 ஆகஸ்டு 26 அன்று மும்பையில் அவர் காலமானார்.

நம் தமிழகமும் இதில் பின்தங்கிவிடவில்லை. 1973-ல் இங்கே பெண்கள் காவலராகச் சேர்க்கப்பட்டனர். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. 2010-ல் லத்திகா சரண் தமிழகக் காவல் துறைக்குத் தலைமை ஏற்றார்.

ஆயினும், பெண்ணொருத்தி உயர்ந்த நாற்காலியில் அமர்ந்துவிட்டால் மட்டும் அநீதி ஒழிந்துவிடுமா? ஒழியாது. உரிமை அறிந்து கேட்பவர் வந்தால்தான் திறந்த கதவுக்கும் பயன் உண்டு. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால், முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. குற்றம் எங்கு நடந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். அறிக்கையின் நகல் இலவசம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112 ஆகிய தொலைபேசி எண்கள் உள்ளன. காஞ்சனின் தந்தைக்கு மறுக்கப்பட்டதை இன்று எவருக்கும் மறுக்கச் சட்டம் இடம் தரவில்லை.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். நம் வட்டாரத் தாய்மார் பலர் விடியலில் தோல் தொழிற்சாலைக்கும் ஷூ கம்பெனிக்கும் புறப்பட்டு, பொழுது சாய்ந்தே வீடு திரும்புகின்றனர். வழியில் மகளுக்கு ஒரு தொல்லை நேர்ந்தால், “வெளியில் சொல்லாதே” என்று வாயை அடைக்காதீர்கள். தவறு செய்தவனுக்கே வெட்கம், முறையிடுபவளுக்கு அன்று. துணைக்கு நின்று அந்த வாயிற்படி ஏறுங்கள்.

தோழியரே, உங்களுள் யாரேனும் நாளை காக்கி உடை அணியக்கூடும். அன்று ஓர் ஏழைத் தந்தை மனுவோடு உங்கள் முன் வந்து நின்றால், முதலில் அவரை உட்காரச் சொல்லுங்கள். பிறகு எழுதத் தொடங்குங்கள். காஞ்சன் சௌத்ரிக்கு அதனினும் சிறந்த அஞ்சலி இல்லை.