பைட் வரிசையை டெண்டரிலேயே எழுதுங்கள்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இராப்பகலாக இறைத்து அந்த அழுத்தத்தைத் தணித்தால்தான் சுரங்கத்தின் தரை பிளக்காமல் இருக்கும். 1957-இல் நேரு தொடங்கிவைத்த சுரங்கத்தில் நிலக்கரி கண்ணில் பட்டது 1961-இல்தான். அதற்கு முன்பே இந்தத் தண்ணீரை அடக்க வேண்டியிருந்தது. இங்கே குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பாடப்புத்தகம் சொல்லித்தர வேண்டிய விஷயமல்ல. ஷிப்ட் முடித்து வரும் அப்பாக்களின் பேச்சிலேயே அழுத்தமும் நீர்மட்டமும் அடிபடும். ஒரு எண் தப்பானால் என்ன ஆகும் என்ற பயத்தோடுதான் நாங்கள் வளர்ந்தோம்.

அந்தப் பயம் இன்று என் தொழிலுக்கு உதவுகிறது. ஆலைகளில் மீட்டர்களையும் கண்ட்ரோல் ரூம் கணினியையும் இணைக்கும் சிறு பெட்டிகளுக்கு சி மொழியில் நிரல் எழுதுகிறேன். இந்த வேலையில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் விஷயம் எது என்று கேட்டால், பைட் வரிசை என்பேன்.

ஒரு பைட்டில் 255 வரைதான் எழுத முடியும். 515 என்ற எண்ணுக்கு இரண்டு பைட் வேண்டும்: 2, 3. அதாவது இரண்டு 256, மிச்சம் 3. பெரியதை முன்னால் வைப்பது பிக் எண்டியன், சிறியதை முன்னால் வைப்பது லிட்டில் எண்டியன். ஒருவர் ஒரு முறையில் எழுதி மற்றவர் மறுமுறையில் படித்தால் 515 என்பது 770 ஆகிவிடும். 5-6 என்ற தேதி நமக்கு ஜூன் ஐந்து, அமெரிக்காவில் இருக்கும் மருமகனுக்கு மே ஆறு. இரண்டுமே உண்மையான தேதிகள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஆலைகளில் இது ஏன் ஓயாத தொல்லையாக இருக்கிறது? 1979-இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட மோட்பஸ் என்ற தொடர்பு முறை இன்னும் பல மீட்டர்களில் ஓடுகிறது. பதினாறு பிட், அதாவது இரண்டு பைட் எண்ணில் பெரிய பைட் முதலில் என்று அது தெளிவாகச் சொல்கிறது. முப்பத்திரண்டு பிட் எண்ணை ரெஜிஸ்டர் எனப்படும் பதினாறு பிட் அறைகள் இரண்டில் பிரித்து வைத்தால் எந்த ரெஜிஸ்டர் முதலில் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டது. தயாரிப்பாளர்கள் தத்தம் விருப்பப்படி வைத்துக்கொண்டார்கள். சீமென்ஸ் எஸ்7 கன்ட்ரோலர் பிக் எண்டியன், மேசைமேல் இருக்கும் இன்டெல் கணினி லிட்டில் எண்டியன். மின்நிலையங்களிலிருந்து தூரத்துக் கட்டுப்பாட்டு மையங்களுக்கு அளவீடுகளை அனுப்பப் பயன்படும் ஐஇசி 60870-5-104 முறையோ சிறிய பைட்டை முதலில் அனுப்புகிறது. ஒரு பக்கம் மோட்பஸ், மறுபக்கம் 104 என்று நடுவில் நிற்கும் பெட்டி ஒவ்வொரு எண்ணையும் திருப்பிப் போட்டே ஆக வேண்டும்.

நம் மின்தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். 50.0 என்பதைத் தசமப் புள்ளி எண்ணாக, அதாவது ஃப்ளோட்டாக எழுதினால், பதினாறடிமான (ஹெக்ஸ்) முறையில் நான்கு பைட்டுகள் 42 48 00 00. ரெஜிஸ்டர்கள் இடம் மாறினால் 00 00 42 48. இது பூஜ்யத்தை ஒட்டிய மிகச் சிறிய எண், திரையில் 0.00 என்றே தெரியும். ஓர் ஆலையில், பெயர் வேண்டாம், பயிற்சிக்கு வந்த பையன் என்னிடம் ஓடிவந்தான். “மேடம், ஃப்ரீக்வென்சி ஜீரோ காட்டுது. மீட்டர் போயிடுச்சு போல, வயரைக் கழட்டிப் பாக்கட்டுமா?” “தம்பி, மீட்டர் முகத்துல என்ன காட்டுது?” ஐம்பது காட்டியது. நல்ல மீட்டரைக் கழற்றுவது, நல்ல கேபிளை மாற்றுவது என்று இந்தப் பிழை மனித உழைப்பைத் தின்னும் விதம் எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

இதைவிட ஆபத்தானது பிழை தெரியாமலே போவது. பூஜ்யத்தை எப்படித் திருப்பினாலும் பூஜ்யம்தான். புதிய அமைப்பை மெஷின் நிற்கும்போது சோதிக்கிறார்கள். கன்வேயர் நிற்கிறது, பம்ப் நிற்கிறது, எல்லாம் சுழியம், எல்லாம் சரி என்று கையெழுத்தும் ஆகிவிடுகிறது. 514 என்ற எண்ணிலும் இதே கதை: அதன் பைட்டுகள் 2, 2. கொதிகலனின் நீராவி 514 டிகிரியில் இருக்கும் நேரத்தில் பார்த்தால் சரியாக இருக்கும். அடுத்த டிகிரியில் 770.

சி மொழிக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் பழகும் வழி பாயிண்டர் காஸ்ட்: வந்த பைட்டுகளின் முகவரியைக் காட்டி, ‘இங்கே 32 பிட் எண் இருக்கிறது’ என்று கம்பைலரிடம் சொல்லிவிடுவது. இதில் வரிசைப் பிழை மட்டுமல்ல, இன்னும் இரண்டு குழிகள் உண்டு. நான்கால் வகுபடாத முகவரியில் அந்த எண் உட்கார்ந்திருந்தால் ஏஆர்எம் கார்டெக்ஸ்-எம்0 போன்ற சிப் அதைப் படிக்க மறுத்து நின்றுவிடும். ஒரு வகையாக வைத்த நினைவகத்தை வேறு வகையாகப் படிப்பதை சி தர விதிகளும் அனுமதிப்பதில்லை. அதனால் ஆப்டிமைசேஷனைக் கூட்டிய அன்று, நேற்றுவரை ஓடிய நிரல் வேறு விடை தரலாம்.

சரியான வழி எளிமையானது. முதல் பைட்டை எடுத்து, முதலில் குறியில்லா 32 பிட்டாக அகலப்படுத்தி, 24 இடம் இடப்பக்கம் நகர்த்துங்கள். அடுத்ததை 16, அடுத்ததை 8, கடைசியை அப்படியே. நான்கையும் சேருங்கள். அகலப்படுத்தாமல் நகர்த்தக் கூடாது. சி மொழி பைட்டைக் குறியுள்ள இன்டாக மாற்றிவிடும், 128 அல்லது அதற்கு மேற்பட்ட பைட் குறி பிட்டுக்குள் போய் விழும், அதன் விளைவுக்குத் தர விதிகளில் பொறுப்பேற்பார் இல்லை. ஃப்ளோட் வேண்டுமென்றால் எண்ணைச் சேர்த்து முடித்த பிறகு மெம்காப்பியால் மாற்றுங்கள். திருப்பாத பைட்டுகளை ஃப்ளோட் மாறியில் ஒரு கணமும் வைக்காதீர்கள். சில பிராசசர்கள் சில பிட் அமைப்புகளைத் தாமாகவே மாற்றிவிடும். இவ்வளவும் மெதுவாகிவிடுமே என்ற கவலை வேண்டாம். ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்கள் இந்த நகர்த்தல்களை அடையாளம் கண்டு ஓரிரண்டு கட்டளையாகச் சுருக்கிவிடுகின்றன.

கவனியுங்கள், இந்த வழியில் ‘என் கணினி எந்த எண்டியன்’ என்ற கேள்வியே எழவில்லை. நிரலாளர் ராப் பைக் 2012-இல் இதைத்தான் அழுத்திச் சொன்னார்: கணினியின் வரிசை முக்கியமல்ல, தரவு வரும் வரிசைதான் முக்கியம். நம் நேர்முகத் தேர்வுகளிலோ இன்றும் கணினியின் எண்டியனைக் கண்டுபிடிக்கும் நிரலைத்தான் எழுதச் சொல்கிறார்கள். இன்டில் ஒன்றை வைத்து முதல் பைட்டைப் பார்க்கும் அந்த நாலு வரியை மனப்பாடம் செய்த பிள்ளை, நிரல் முழுக்க ‘லிட்டில் என்றால் திருப்பு’ என்று தூவி வைக்கிறது. ஒருவர் திருப்பியதை இன்னொருவர் மறுபடி திருப்புகிறார். தரவு உள்ளே வரும் வாசலிலும் வெளியே போகும் வாசலிலும் மட்டும் மாற்றம் நடக்கட்டும். லினக்ஸ் கர்னலில் இரு வரிசைகளுக்கும் தனித்தனி வகைப் பெயர்கள் உண்டு. கலந்தால் ஸ்பார்ஸ் என்ற கருவி எச்சரிக்கும். அந்த ஒழுக்கத்தைக் கல்லூரி ஆய்வகத்திலேயே பழக்கலாம், செலவு எதுவும் இல்லை.

நிரலாளர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், மீட்டர் எந்த வரிசையில் அனுப்புகிறது என்று யாராவது சொல்ல வேண்டும். அதனால் கருவி வாங்கும் டெண்டர் ஆவணத்திலேயே ஒரு நிபந்தனை சேர்க்கப்பட வேண்டும் என்கிறேன். ‘மோட்பஸ் ஆதரவு உண்டு’ என்ற வரி போதாது. ஒவ்வொரு கருவியிலும் 305419896 என்ற எண்ணை நிரந்தரமாகத் தாங்கும் சோதனை ரெஜிஸ்டர் ஜோடி இருக்கட்டும். ஹெக்ஸில் அதன் பைட்டுகள் 12 34 56 78, நான்கும் வேறு வேறு, பூஜ்யம் கிடையாது. ரெஜிஸ்டர்கள் மாறியிருந்தால் 1450709556 வரும். ஒவ்வொரு ரெஜிஸ்டருக்குள்ளும் பைட் மாறியிருந்தால் 873625686. முழுக்கத் தலைகீழென்றால் 2018915346. இந்த நான்கு எண்களை பேனலின் கதவுக்கு உட்புறம் ஒரு தாளில் ஒட்டிவிட்டால், நைட் ஷிப்டில் தனியாக நிற்கும் டெக்னீஷியனும் வயரைத் தொடாமலே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார்.