தங்கமான குமாஸ்தா

அடுத்த வீட்டுப் பெண், தன் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அலைந்த கதையைச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்காரர்களே பிறப்பைப் பதிந்துவிட்டார்கள். ஆனால் அப்போது பெயர் வைத்தாகவில்லை. பெயரைச் சேர்க்கப் போனால், "நாளைக்கு வாங்க" என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினாராம் குமாஸ்தா. நாலாம் தடவை அவர் லீவு. அவர் நாற்காலியில் இருந்தவர் கால் மணியில் காரியத்தை முடித்துவிட்டார்.

"தங்கமான மனுஷர், மாமி!" என்றாள்.

எனக்கென்னவோ சந்தோஷத்தைவிடக் கவலைதான் வந்தது. சட்டம் ஒன்று, நாற்காலியும் ஒன்று. ஆள் மாறினால்தான் வேலை நடக்கும் என்றால் அது ஆபீஸா, லாட்டரிச் சீட்டா? என்ன காகிதம், என்ன கட்டணம், எத்தனை நாள் என்று வாசலில் எழுதி மாட்டி, அதன்படி நடந்தால் தங்கம் எதற்கு? ஒரு தகரப் பலகையே போதுமே!

நம் பங்கும் உண்டு, சகோதரிகளே. 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி பிறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயரை ஒரு வருஷத்துக்குள் சேர்த்தால் கட்டணமில்லை. தாண்டினால் தாமதக் கட்டணம். 2023 அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்து பிறந்த குழந்தைகளுக்கு, பள்ளிக்கூடத்தில் சேரவும் பாஸ்போர்ட் வாங்கவும் இந்தச் சான்றிதழ்தான் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் சாட்சி.

ஆகவே, தொட்டிலில் போட்டுப் பெயர் சொன்ன கையோடு ஆபீஸிலும் போய்ச் சொல்லிவிடுங்கள். "நாளைக்கு" என்று பதில் வந்தால், "எந்த விதிப்படி?" என்று கேளுங்கள். சண்டை வேண்டாம், சிரித்துக்கொண்டே கேட்டால் போதும்!