பாகு வாசம்

போன மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த மச்சினன் ஒரு பர்பன் விஸ்கி பாட்டில் கொண்டுவந்தான். தோட்டத்துச் சாளையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தோம். அடி பெருத்து வாய் சிறுத்த கண்ணாடி டம்ளரில் அரை விரற்கடை ஊற்றி நீட்டினான். “மாமா, ஐஸும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். வாயைக் கொஞ்சம் திறந்து வெச்சுக்கிட்டு மோந்து பாருங்க.”

முதலில் நெடிதான் ஏறியது. நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி முகர்ந்தேன். எங்கள் பக்கத்துப் பிலிக்கல்பாளையம்! வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் கரும்புச்சாறு சுண்டி, நுரை அடங்கி, பாகு பதத்துக்கு வரும்போது ஆலைக்கொட்டாயைச் சுற்றி நிற்குமே, அந்த வாசம். கூடவே அடுப்பில் எரியும் கரும்புச் சக்கையின் புகை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இந்த வாசத்துக்காகவே சுற்றுவழியில் வந்தவன் நான். நாக்கில் வைத்தேன். இனிப்பு முந்தியது, மிளகுக் காரம் பிந்தியது, விழுங்கிய பிறகு அனல் மெல்ல நெஞ்சில் இறங்கியது.

இதில் சர்க்கரை ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை என்றான். நம்ப முடியவில்லை. பர்பன் என்று பெயர் வைக்க வேண்டுமானால் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். நாமக்கல்லில் லாரி லாரியாகக் கோழித் தீவன மில்லில் இறங்குகிறதே, அதே மக்காச்சோளம். வடிக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போகப் போகத் தானியத்தின் குணம் கழன்றுவிடும். பிறகு, உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். அப்படிக் கருக்கும் சூட்டில் மரத்துக்குள் இருக்கும் சர்க்கரைச் சத்து முறுகிப் பாகாகிறது. மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் சிதைந்து வனிலா மணம் பிறக்கிறது. எனக்குக் கிடைத்த வெல்லப்பாகு ஒரு மரத்துக்குள் இருந்து வந்திருக்கிறது.

நம் ஊர்க் கடையில் விஸ்கி என்று விற்பவற்றில் பல, நிஜமாகவே கரும்பிலிருந்து வருபவை. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸைப் புளிக்கவைத்து, 96 சதவீதம் வரை வடித்து, கரும்பின் சுவடே இல்லாமல் ஆக்கி, தண்ணீர் விட்டு 42.8 சதவீதத்துக்கு இறக்கி, கொஞ்சம் மால்ட்டும் நிறமும் மணமும் சேர்த்தால் ஆயிற்று. ஐரோப்பாவில் இதை விஸ்கி என்று விற்கச் சட்டம் விடாது. கரும்பு விளையும் மண்ணில் கரும்பு வாசமில்லாத சரக்கு. மக்காச்சோளத்தில் காய்ச்சியதில் வெல்ல வாசம். அன்று ராத்திரி இதை நினைத்து நினைத்து மனசு ஆறவில்லை.

குடியின் ருசியைப் பற்றி எழுத நாமக்கல் மாவட்டத்துக்காரனுக்குக் கை கூசத்தான் செய்யும். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் அரசு சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். நாமக்கல் அன்று அதற்குள் இருந்தது. போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. அதற்கெல்லாம் முன்பே, 1929இல், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே ராஜாஜி ‘விமோசனம்’ பத்திரிகை நடத்தினார். கல்கி உடனிருந்து உழைத்தார். கள்ளுக்கடை மூடிய பிறகுதான் அப்பாரு சந்தைப் பணத்தை முழுசாக மடியில் கட்டிக்கொண்டு வீடு வந்தார் என்று சொல்லி அப்பத்தா கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

அந்தக் கண்ணீருக்கு முன்னால் என் மூக்கின் சந்தோஷம் சின்னதுதான். ஆனாலும் கடை ஓரத்தில் நின்றபடியே ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டு முகம் சுளிக்கிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. உடம்பைக் கொடுத்துச் சம்பாதித்த காசு அது. எதிலிருந்து வடித்தது, எத்தனை நாள் மரத்தில் ஊறியது என்று பாட்டிலில் தெளிவாக அச்சடித்துத்தான் ஆகவேண்டும். நல்ல சரக்கு நம்மாலும் முடியும். பெங்களூரு அம்ருத் நிறுவனம் 2004இல் தன் சிங்கிள் மால்ட்டை கிளாஸ்கோவில் கொண்டுபோய் வைத்தது; வெல்லத்தில் காய்ச்சிய ரம்மைக் கலந்து ‘டூ இண்டீஸ்’ என்று ஒரு ரம்மும் செய்கிறது. பிலிக்கல்பாளையத்து வெல்லத்தில் அப்படி ஒன்று வராதா என்று மச்சினனும் நானும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

டம்ளர்களைக் கழுவாமலே படுத்துவிட்டோம். காலையில் அம்மா ஒன்றை எடுத்து, திட்டப் போகிறவள்போல முகத்தருகே கொண்டுபோனாள். குடி என்றால் இன்றைக்கும் ஆகாது அவளுக்கு. ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள்.

“என்னடா இது, ஆலைக்கொட்டாய் வாசமாட்ட இருக்குது?”