காலி நாற்காலிக்கு ஓர் எதிர்க்கட்சி



"எகிப்தின் தாராளவாதக் கட்சிகள் நசுக்கப்பட்டால் நமக்கென்ன? அவர்கள் மார்க்கத்தை அரசியலிலிருந்து அகற்றத் துடித்தவர்கள்தாமே?" என்று நம் சகோதரர்கள் சிலர் கேட்கின்றனர். மார்க்கப்பற்றின் பெயரால் கேட்கப்படும் இக்கேள்வியை மார்க்கமே ஏற்காது.

அல்-கத் கட்சியின் கதையைப் பாருங்கள். 2004இல் அய்மன் நூர் அதனைத் தொடங்கினார். 2005 அதிபர் தேர்தலில் ஹுஸ்னி முபாரக்கை எதிர்த்து நின்று இரண்டாமிடம் பெற்றார். அவ்வாண்டு முடிவதற்குள், கட்சிப் பதிவுக்குப் போலிக் கையொப்பமிட்டதாகக் கூறி அவருக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கட்சி பிளவுண்டது, அதன் பெயர் இறுதியில் எதிரணித் தலைவர் மூஸா முஸ்தஃபா மூஸாவிடம் போய்ச் சேர்ந்தது.

2018இல் சீசியை எதிர்க்க முனைந்தோர் கைதாகியும் விலகியும் போயினர். வேட்புமனுவின் இறுதி நாளில் வந்து நின்றவர் இதே மூஸா. அதுவரை சீசிக்கே ஆதரவு திரட்டியவர்! சீசிக்கு 97 விழுக்காடு வாக்குகள். மூஸா பெற்றதைவிடச் செல்லாத வாக்குகள் இருமடங்குக்கும் அதிகம். சர்வாதிகாரி எதிர்க்கட்சியை அழிப்பதோடு நிற்பதில்லை. அதன் பெயர்ப்பலகையைத் தன் வாசலிலேயே மாட்டிக்கொள்கிறான்.

தாராளவாதிகள் குற்றமற்றவர்கள் என்று நான் வாதிடவில்லை. 2013 ஜூலை 3 அன்று, மக்கள் தேர்ந்தெடுத்த முர்ஸியை இராணுவம் அகற்றியபோது, முஹம்மத் அல்பராதி சீசியின் அவையில் அமர்ந்திருந்தார். பின்னர் துணை அதிபருமானார். ஆகஸ்ட் 14 அன்று ராபிஆவில் இரத்தம் ஓடியது. குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் பதிவு செய்துள்ளது. அன்றே அவர் பதவி விலகினார். ஆனால், வாளை உயர்த்தியவனுக்கு அருகில் அமர்ந்த பின் விலகுவதால் வெட்டுண்ட தலை ஒட்டிவிடுமா?

"இஸ்லாமியவாதிகள்தாமே ஒடுக்கப்படுகின்றனர்" என்று அன்று அவர்கள் வாளாவிருந்தனர். "தாராளவாதிகள்தாமே" என்று இன்று நாம் வாளாவிருக்கலாமா? ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்று சூரத்துல் மாயிதா எச்சரிப்பது நமக்கும்தானே?

சகோதரர்களே! அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை என்று மதரஸாவில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அவன் எந்தக் கட்சியினன் என்று அங்கே கேட்கப்படுவதில்லை. நாம் மட்டும் ஏன் கேட்கிறோம்?