ஐந்து டாலர் கணக்கு

சுயாதீன இசை என்றதும் பெரிய நிறுவனத்திடம் கையெழுத்துப் போடாமல் இருப்பதே நம் நினைவுக்கு வருகிறது. அதில் பெரிய சாதனை இல்லை. நம்மில் பலரிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதே இல்லை. அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸின் அஹ்மெத் எர்டெகனே தேடிவந்து பேசியும் மறுத்துவிட்டு, 2002 வரை மேடையில் நின்றது வாஷிங்டனின் ஃபுகாசி ராக் குழு. அவர்களுடைய கொள்கையை மெச்சாதவர் இல்லை. அவர்களுடைய வரவு செலவைத்தான் யாரும் படிப்பதில்லை.

1987-இல் மேடையேறிய குழு இரண்டு நிபந்தனைகளை வைத்தது: டிக்கெட் ஐந்து டாலரை ஒட்டியே இருக்க வேண்டும்; எல்லா வயதினரையும் உள்ளே விட வேண்டும். அமெரிக்க கிளப்புகள் பல மது விற்பனையில் பிழைப்பவை. 21 வயது நிரம்பாதவர்களுக்கு அங்கே இடமில்லை. எனவே தேவாலயக் கூடங்களிலும் சமூகக் கூடங்களிலும் வாசித்தார்கள். மேலாளர் கிடையாது, பாடகர் இயன் மெக்காயே கச்சேரிகளைப் பேசி முடித்தார். டி-சர்ட் விற்கவில்லை. கூட்டத்தில் முரட்டுத்தனம் செய்தவருக்கு ஐந்து டாலர் வைத்த உறையைக் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். வாங்கியது ஐந்து டாலர் என்பதால் திருப்பித் தருவதும் கஷ்டமாக இல்லை.

வெளியீட்டுக்கும் இதே கணக்குதான். மெக்காயும் ஜெஃப் நெல்சனும் 1980-இல் தொடங்கிய டிஸ்கார்ட் நிறுவனத்தின் முதலீடு, இருவரும் முன்பு வாசித்துக் கலைந்துபோன டீன் ஐடில்ஸ் குழுவின் கச்சேரிச் சேமிப்பு. முதல் இசைத்தட்டின் உறைகளைத் தாங்களே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லை. செலவு போக மிஞ்சும் லாபத்தில் குழுவுக்கும் பங்கு. 1993-இல் ஃபுகாசியின் ஆல்பம் பில்போர்டின் 200 இடப் பட்டியலில் நுழைந்தபோதும் இந்த ஏற்பாடு மாறவில்லை. ஒலிப்பொறியாளர்கள் விடாமல் பதிவு செய்துவைத்த 800-க்கும் மேற்பட்ட கச்சேரிகள், 2011 முதல் படிப்படியாக இணையத்துக்கு வந்தன. பரிந்துரை விலை அங்கேயும் ஐந்து டாலர்.

இதை அப்படியே நகலெடுக்க முடியாது. அவர்களுக்குச் சொந்த வெளியீட்டு நிறுவனம் இருந்தது; ஊர் ஊராய் அரங்கை நிரப்பிய ரசிகர்களும் இருந்தார்கள். இசைத்தட்டு விற்றுக் காசு பார்க்க முடிந்த காலம் அது. எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் கணக்குப் போட்ட வரிசையை: முதலில் விலை, பிறகு செலவு. நாம் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் டிக்கெட் விலை வைக்கிறோம். பற்றாக்குறைக்கு விளம்பரதாரரைத் தேடுகிறோம். அவர் பெயர் மேடைக்குப் பின்னால் பெரிதாகத் தொங்குகிறது. அடுத்த கச்சேரிக்கு விலையை முதலில் எழுதுங்கள். அதற்குள் அடங்காத செலவை அடித்துவிடுங்கள். மிஞ்சுவதைக் கொண்டு வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள்.