சாதுச் சிலந்திகளின் கொலைவேடம்

ஃபிராங்க் மார்ஷல் இயக்கி 1990இல் வெளிவந்த ‘அரக்னோபோபியா’வை மீண்டும் பார்த்தோம், கால்கள் தாமாகவே நாற்காலிமேல் ஏறிக்கொண்டன. வெனிசுவேலாவிலிருந்து சவப்பெட்டிக்குள் பயணித்து வரும் நச்சுச் சிலந்தி கலிபோர்னியச் சிற்றூரில் பெருகுகிறது. கதை அவ்வளவே. காலணிக்குள்ளும் சோளப்பொரிக் கிண்ணத்திலும் அது ஒளிந்திருக்கும்போது அலறுகிறோம், உடனே சிரிக்கிறோம். பூச்சி ஒழிப்பவராக வரும் ஜான் குட்மனோ அலற நேரமே தருவதில்லை!

நம்மை இப்படிக் கூசவைத்தவை உயிருள்ள சிலந்திகள். கணினியில் வரைந்தவை இன்று எத்தனை ஓடினாலும் நமக்கு மயிர்க்கூச்செறிவதில்லை. ஆனால் ஒரு மனக்குறை. கொலைகாரக் கூட்டமாக நடித்தவற்றில் பெரும்பாலானவை நியூசிலாந்தின் ஏவண்டேல் சிலந்திகள். மனிதருக்குத் தீங்கற்ற சாதுக்கள். படம் முடிந்ததும் துடைப்பத்தைத் தேடிய நாம், சுவரோரம் நின்ற சிலந்தியைக் கண்டு சற்றே வெட்கினோம்.