முன்சீப் காட்டிய வழி

1776-ம் வருஷத்து அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களுள் பிரான்ஸிஸ் ஹாப்கின்ஸன் என்பவர் ஒருவர். ராஜீயவாதி, பென்ஸில்வேனியாவில் நீதிபதி, கீதங்கள் இயற்றியவர். படித்த நம்மவர் இத்தகைய அந்நியர் சரித்திரங்களை ஆவலுடன் வாசிக்கின்றனர். நம் மாயூரத்திலும் அத்தகைய ஒருவர் இருந்தாரென்பதை நினைப்போர் சிலரே.

முன்சீப் வேதநாயகம் பிள்ளை 1826-ல் திருச்சிக்கு அருகிலுள்ள குளத்தூரில் பிறந்தார். மாயூரத்தில் நியாயாதிபதியாயிருந்தார், அவ்வூர் நகரசபைக்கும் தலைமை வகித்தார். பிறப்பால் கிறிஸ்தவராயினும் எல்லா மதத்தாரும் பாடத்தக்க கீர்த்தனைகளை இயற்றினார். 1876-78 தாதுவருஷப் பஞ்சத்தில் கைப்பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். 1879-ல் வெளியான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தால் உலகம் அவரை அறியும். ஆனால் நமக்கு அவற்றினும் பெரிதாகத் தோன்றுவது வேறொரு காரியம். 1805 முதல் 1861 வரை சதர் கோர்ட்டார் அளித்த தீர்ப்புக்களை அவர் தமிழாக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டார். சர்க்கார் உத்தரவுக்கு அவர் காத்திருக்கவில்லை. சங்கம் கூட்டவுமில்லை. சட்டம் தெரியாதவனுக்கு நியாயம் எட்டாக்கனி என்று கண்டார், எழுதத் தொடங்கினார்.

இன்று நிலைமை என்ன? நாமக்கல்லிலிருந்து ஒரு குடியானவன் தன் வரப்புத் தகராற்றைக் கோர்ட்டுக்குக் கொண்டுவருகிறான். பத்திரம் தமிழ், சாட்சி சொல்வது தமிழில். அதுவே அப்பீலாகிச் சென்னை ஹைக்கோர்ட்டை அடைந்ததும் யாவும் ஆங்கிலமாக மாறவேண்டும். மொழிபெயர்ப்புச் செலவும் அவன் தலையில். தன் வக்கீல் தனக்காக என்ன பேசினாரென்று அவனே மற்றொருவரைக் கேட்டறிய வேண்டியிருக்கிறது. இதற்குச் சுயராஜ்யம் என்று பெயர்!

அரசியல் சட்டத்தின் 348-வது ஷரத்தில் வழியில்லாமலில்லை. ராஷ்டிரபதியின் சம்மதம் பெற்று, மாகாண பாஷையை ஹைக்கோர்ட்டு நடவடிக்கைகளில் அநுமதிக்கக் கவர்னருக்கு அதிகாரமுண்டு. ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கிலும் ஹிந்திக்கு அந்த அநுமதி கிடைத்திருக்கிறது. 2006-ல் நமது சட்டசபை தமிழுக்கும் அவ்வாறே கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. சுப்ரீம் கோர்ட்டு இணங்கவில்லை. ஹிந்திக்குத் தகுந்தது தமிழுக்கு எவ்வாறு தகாமற்போகும்? வெளி மாகாணங்களிலிருந்து வரும் நீதிபதிகளுக்குத் தமிழ் தெரியாதென்பது நியாயமான ஆட்சேபமே. விரும்புவோர் தமிழில் வாதிக்கட்டும். உடன் ஆங்கில மொழிபெயர்ப்பும் கொடுக்கப்படட்டும். செலவைச் சர்க்கார் ஏற்கட்டும்.

தமிழில் சட்டச் சொற்கள் இல்லையென்று சொல்வோருக்கு மட்டும் நாம் பொறுமை காட்டுவதற்கில்லை. இதே சேலத்தில் 1916-ல், வக்கீலாயிருந்த ராஜகோபாலாச்சாரியாரும் நண்பர்களும் சங்கம் வைத்து, ரஸாயனத்துக்கும் பௌதிகத்துக்கும் தமிழ்ப் பதங்கள் உண்டாக்கினர். அணுவுக்குக் கிடைத்த தமிழ் அடமானத்துக்குக் கிடைக்காதா?

படித்தவர் பலர் குடியிருக்கும் நம் ஃபேர்லேண்ட்ஸ் வாசிகளுக்கு ஒரு வார்த்தை. பேட்டையின் பெயரைத் தமிழாக்கச் சொல்லவில்லை. அது இருந்துவிட்டுப் போகட்டும். சேலம், நாமக்கல் வக்கீல்கள் ஒன்றுகூடி, நிலம், பாகப்பிரிவினை, குத்தகை பற்றிய முக்கியமான ஹைக்கோர்ட்டுத் தீர்ப்புக்களை வருஷந்தோறும் தமிழில் வெளியிடலாம். ஒரு முன்சீப் தனியே செய்த வேலை இது. முதற்புஸ்தகம் வெளிவரும் தினத்தில் அதனை இப்பத்திரிகையில் விளம்பரப்படுத்த நாம் கட்டணம் வாங்கமாட்டோம்.